யாருக்கு முதலில் தெரிகிறது?

த்ரில்லர் எனப்படும் பரபரப்புப் படம், முதற்குறும்படம் எடுக்க முனையும் மாணவரைப் பெரிதும் ஈர்க்கும் வகையாகும். கொலை, துரத்தல், இறுதியில் எதிர்பாராத திருப்பம் ஆகியவற்றை முதலில் முடிவு செய்துகொண்டு, அவற்றைக் கோக்க ஒரு கதையைத் தேடுவோர் பலர். அவ்வாறு உருவாகும் பத்து நிமிடப் படத்தில் திருப்பம் கடைசி நிமிடத்தில்தான் வருகிறது. அதற்கு முந்தைய ஒன்பது நிமிடங்களில் பார்வையாளருக்கு வேலை ஏதும் இல்லை.

ஆல்பிரட் ஹிட்ச்காக், 1962ஆம் ஆண்டில் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் இதனை எளிய எடுத்துக்காட்டால் விளக்கினார். இருவர் மேசையருகே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றனர். மேசைக்கடியில் இருந்த வெடிகுண்டு திடீரென வெடிக்கிறது. பார்வையாளர் அடைவது 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதையும் அது வெடிக்கும் நேரத்தையும் முன்னரே காட்டிவிட்டாலோ, அதே வெற்றுப் பேச்சு 15 நிமிடப் பதற்றமாகிவிடுகிறது. ஒரு செய்தி யாருக்கு, எப்போது தெரிகிறது என்பது மட்டுமே இங்கு மாறியுள்ளது. கதைக்கருவை வளர்ப்போர் முதலில் முடிவு செய்ய வேண்டியதும் அதுவே.

செய்தியை மறைத்தும் வெல்லலாம். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) கொலையாளியை மறைத்தே வைக்கிறது. ஆயினும் ஒவ்வொருவர் கூற்றும் ஐயத்தைப் புதிய ஒருவர்மீது திருப்புவதால், பாடலே இல்லாத அப்படத்தில் பார்வையாளர் ஓய்ந்திருப்பதில்லை.

மாணவர் கைக்கெட்டும் கரு ஒன்றைக் கொள்வோம். ஊரார் ஜெராக்ஸ் கடை என்றழைக்கும் நகலகத்தில் இளம்பெண் ஒருத்தி மாலை வேளைகளில் பணிபுரிகிறாள். கடையடைக்கும் நேரத்தில் வந்த ஒருவர் சில தாள்களைத் தாமே நகலெடுத்துச் செல்கிறார். மூலத்தாள் ஒன்று எந்திரத்தின் கண்ணாடிமீதே தங்கிவிடுகிறது. மூடியைத் திறந்தவள், அது மறுநாள் நடைபெறவுள்ள பொதுத்தேர்வின் வினாத்தாள் எனக் காண்கிறாள். சற்று நேரத்தில் அம்மனிதர் திரும்பி வருகிறார்.

இது இன்னும் கதையாகவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு அவள் வீட்டிற்குச் சென்றுவிடலாமே என்னும் வினாவிற்கு விடையில்லாதவரை படம் நகராது. அவள் தம்பி மறுநாள் அதே தேர்வை எழுதவிருக்கிறான் என்றால் நிலைமை மாறுகிறது. சென்ற ஆண்டு தோல்வியுற்று மீண்டும் எழுதுகிறான் என்றால் இன்னும் இறுகுகிறது. இப்போது ஆபத்து கடைக்கு வந்த மனிதரிடம் மட்டுமன்று, அவள் மனத்திலும் இருக்கிறது.

அடுத்தது செய்தியைப் பங்கிடல். அவள் தாளைத் தன் பைக்குள் வைத்ததைப் பார்வையாளர் கண்டிருக்கட்டும்; வந்தவர் அறியாதிருக்கட்டும். "தாள் ஏதாவது விட்டுட்டுப் போயிட்டேனாம்மா?" என்னும் பணிவான கேள்வி அப்போது மிரட்டலைவிடக் கூர்மையாகிவிடும். அவர் கத்தியை எடுக்கத் தேவையில்லை. எடுத்தால் படம் தாழ்ந்துவிடும். பைக்குள் கைப்பேசி ஒலிக்கிறது. அழைப்பவன் தம்பி. பையைத் திறக்காமல் அவள் அதை எடுக்க இயலாது.

ஒரு கடை, இரு நடிகர், ஒரு குரல் போதும். கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படமான 'ஃபாலோயிங்' (1998), வேறு வேலை பார்த்துவந்த நண்பர்களைக் கொண்டு, வார இறுதி நாள்களில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டதே.

முடிவில் காவலரை வரவழைத்துவிடும் ஆசை எழக்கூடும். வரவழைத்தால், அவள் எடுக்க வேண்டிய முடிவைக் காவலர் எடுத்துவிடுவர். தாளை என்ன செய்வது என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும். நள்ளிரவில் தம்பி படித்துக்கொண்டிருக்கும் மேசையருகே, பை இன்னும் திறக்கப்படாத நிலையில் படம் முடியலாம்.