மெழுகில் பதித்த வேண்டுதல்

சுரைக்குடுவையைப் பாதியாக அறுத்து, உள்ளே வழித்துக் காயவைக்கிறார்கள். தேன்மெழுகை வெயிலில் இளக்கி, கட்டைவிரலால் அதன் உட்புறமெங்கும் மெல்லிசாகத் தேய்க்கிறார்கள். பிறகு ஊசிமுனையில் ஒரு பாசிமணியை எடுத்து, துளை மேலே தெரியும்படி மெழுகில் அழுத்துகிறார்கள். அதை ஒட்டி அடுத்த மணி. நூல் கிடையாது, கோப்பதும் கிடையாது. சிறிய கிண்ணத்துக்கே ஆயிரக்கணக்கில் மணி பிடிக்கும்.

மெக்சிகோவின் மேற்கே, சியெரா மாத்ரே மலைகளில் ஹலிஸ்கோ, நயாரித், துராங்கோ மாநிலங்களில் வாழும் விச்சோல் மக்களின் கைவேலை இது. தங்களை அவர்கள் விராரிகா என்றே சொல்லிக்கொள்வார்கள்.

இப்படி இடைவெளியின்றி மணி மூடிய கிண்ணம் சந்தைக்கு. சாமிக்குப் போகும் கிண்ணம் வேறு மாதிரி: மெழுகுப் பரப்பில் ஒரு மான், ஒரு சோளக்கதிர், நாலைந்து மணிகள், அவ்வளவுதான். மழை வேண்டுமென்றோ பிள்ளை பிழைக்க வேண்டுமென்றோ கேட்பதை அதில் பதித்து, ஊற்றிலோ குகையிலோ வைத்துவிட்டு வருவார்கள். தெய்வம் அந்த வேண்டுதலைக் கிண்ணத்திலிருந்து பருகும் என்பது நம்பிக்கை. எனக்கென்னவோ, பளபளக்கும் கடைக்கிண்ணத்தைவிட இந்த அரைகுறைக் கிண்ணம்தான் நிறையப் பேசுகிறது.

மானும் சோளமும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. மான், சோளம், ஹிகுரி மூன்றும் அவர்களுக்கு ஒன்றே. ஹிகுரி என்பது பெயோட்டி. முள்ளில்லாத, தரையோடு ஒட்டி வளரும் சிறு கள்ளி. மெஸ்கலின் என்ற பொருள் இருப்பதால், தின்றவருக்குக் காட்சிகள் தோன்றும். அது முளைப்பது கிழக்கே சான் லூயிஸ் பொதோசியின் விரிகுதா பாலைவனத்தில். மாரகாமே எனப்படும் பூசாரி முன்செல்ல, 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தப் பாதையில் யாத்திரை போகிறார்கள். முன்பு நடை, இப்போது பெரும்பாலும் லாரியும் பஸ்ஸும்.

வழியில், பாட்டனார் என்று அவர்கள் அழைக்கும் நெருப்பின் முன் ஒவ்வொருவரும் தன் கள்ள உறவுகளை எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். கணவனோ மனைவியோ கோபப்படக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் கயிற்றில் ஒரு முடிச்சு. கடைசியில் கயிறு நெருப்புக்குப் போய்விடும். விரிகுதாவில் முதல் ஹிகுரி கண்ணில் பட்டதும், வேட்டை மானைப்போல அதற்கு அம்பு எய்வார்கள். மானின் காலடித்தடத்தில் முளைத்ததல்லவா அது! வெட்டும்போது வேரை மண்ணிலேயே விட்டுவிட்டால் மறுபடி துளிர்க்கும்.

விச்சோல் கலை முழுவதும் போதையில் பிறந்தது என்பது சுற்றுலாக் கடைகளில் விற்கும் கதை. கண்ட காட்சி கருவாக இருக்கலாம். வரிசை பிசகாமல் மணி பதிக்கும் வேலையைத் தெளிந்த தலையோடுதான் செய்ய முடியும்.

மெழுகு பூசிய பலகையில் கம்பளிநூலை வளைத்து ஒட்டும் நூலோவியம், சிறு காணிக்கைப் பலகைகளிலிருந்து 1950-களுக்குப் பின் விற்பனைக் கலையாக வளர்ந்தது. புராணக் கதைகளை அதில் விரித்துச் சொன்னவர்களில் ரமோன் மெதினா சில்வா முன்னோடி. மானுடவியலாளர் பார்பரா மையர்ஹாஃப் 1966-இல் யாத்திரை போனது இவரோடுதான்.

2010-இல் எட்டுக் கலைஞர்கள் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரையே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகளால் மூடினார்கள். மெழுகு வெயிலில் இளகிவிடும் என்பதால் அங்கே மட்டும் வெப்பம் தாங்கும் பிசின்.

அதே காலத்தில் விரிகுதாவில் வெள்ளி எடுக்கக் கனடா நிறுவனமொன்று சுரங்க உரிமம் வைத்திருந்தது. விராரிகா மக்கள் வழக்காடினார்கள். 2012-இல் நீதிமன்றம் வேலையை நிறுத்திவைத்தது. 2025 ஜூலையில் யாத்திரைப் பாதையின் புனிதத் தலங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் பெயர் ஏறிவிட்டதாலேயே சுரங்க உரிமங்கள் ரத்தாகிவிடாது. அதற்கு மெக்சிகோ அரசுதான் கையெழுத்துப் போட வேண்டும்.