உங்களுக்குத் தெரியுமா? மாதவிடாய் நின்றபின் ரத்த அழுத்தம் ஏறலாம்

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் ரத்தக் குழாய்கள் நெகிழ்வை இழக்கின்றன; வயிற்றைச் சுற்றி எடையும் ஏறுகிறது. இந்தியப் பெண்களுக்கு இந்தப் பருவம் சராசரியாக 46, 47 வயதிலேயே வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல், காலணி ஆலைகளில் அந்த வயதிலும் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் பெண்கள் உண்டு. திடீரென உடம்பு தகிப்பதையும் படபடப்பையும் ‘இந்த வயசில் வருவதுதான்’ என்று தள்ளிவிடுகிறோம். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் உயர் ரத்த அழுத்தம் அறிகுறியே காட்டாமல் இருந்துவிடும். உயர் அழுத்தத்தின் எல்லையான 140/90-ஐத் தொட்டதா என்பது அளந்தால்தான் தெரியும்.

மாத்திரை தொடங்கி அழுத்தம் இறங்கியபின், இனி அது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இறங்கியதே மாத்திரையால்தான், நிறுத்தினால் பெரும்பாலும் மறுபடி ஏறும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும், அதுவும் பெண்களுக்குச் சற்று அதிகம். நீர் பிரியும் மாத்திரை போட்டால் ஷிஃப்ட் நடுவே அடிக்கடி எழ வேண்டும். மேற்பார்வையாளரின் பார்வைக்கு அஞ்சி மாத்திரையையே விட்டுவிடத் தோன்றும். சங்கடம் நிஜமானது. ஆயினும் மருத்துவரிடம் சொன்னால் மருந்தின் வகையையோ அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார். மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையோ 2002-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் தகர்ந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பகலெல்லாம் ஆலையில் இருப்பவருக்கு அது எப்படி உதவும் என்ற கேள்வி நியாயமானதே. 2024-இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ பரிசோதனையை வேலையிடத்துக்கே கொண்டுசென்றது.