விளம்பரமும் சந்தையிடுதலும்

வணிகவியல் வகுப்பில் எங்களைப் பலமுறை குழப்பிய இரு சொற்கள் இவை. வானொலியிலும் சுவரொட்டியிலும் பொருளைப் புகழ்ந்து பேசுவது விளம்பரம். யார் வாங்குவார், எந்த அளவில், என்ன விலையில், எந்தக் கடையில் என்று எண்ணித் திட்டமிடுவது முழுவதும் சந்தையிடுதல். விளம்பரம் அதன் ஓர் உறுப்பே.

கடலூர் சின்னிகிருஷ்ணன், ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்க முனைந்தவர். புட்டி ஷாம்பு அக்காலத்தில் வசதியுள்ளோர் வீட்டுப் பொருள். அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டில் அதன் விலையை ஒரே நாளில் எடுத்து வைக்க இயலுமா? அங்கே எத்தனை அழகிய விளம்பரமும் பயன் தராது. அளவைக் குறைத்ததே வழி திறந்தது. அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியே தொழில் தொடங்கி, தந்தையின் பெயரை நினைவூட்டும் 'சிக்' ஷாம்புவை விற்றார். எந்த நிறுவனத்தின் காலிப் பாக்கெட்டுகள் ஐந்தைக் கொடுத்தாலும் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். பின்னர், சிக் காலிப் பாக்கெட்டுகள் மட்டுமே செல்லும் என மாற்றினார். (கெட்டிக்காரர்தாம்!) 1999-இல் 50 காசுப் பாக்கெட்டும் வந்தது.

அந்தக் காலிப் பாக்கெட்டுகள் சாக்கடையை அடைக்கும் என்பது மட்டும் எவர் திட்டத்திலும் இடம்பெறவில்லை போலும்.