இறுகிய நாடிகளும் ஊவா மலைச்சரிவுகளும்

ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தின் பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, ஹப்புத்தளைப் பகுதிகளிலுள்ள தேயிலை மலைகள் பெரும்பாலும் செங்குத்தான சரிவுகளில் அமைந்திருப்பதால், அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களும் கவ்வாத்து வெட்டும் ஆண்களும் லயத்திலிருந்து மலைக்கும் மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்குமாக ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்குகிறார்கள். நடுத்தர வயதைக் கடந்த சிலருக்கு, ஏற்றத்தில் ஒரு குறிப்பிட்ட தூரம் போனதும் கெண்டைக்கால் இறுகி வலிப்பதும், சில நிமிடம் நின்றால் வலி முற்றாக விட்டுவிடுவதும், மறுபடி நடந்தால் ஏறத்தாழ அதே தூரத்தில் திரும்பவும் பிடித்துக்கொள்வதும் உண்டு. வாயுப்பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்து மறக்கப்படும் இந்த வலி, காலுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி ஒடுங்கிவிட்டதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். சமதரையில் நடமாடுபவருக்குப் பிந்தியே தெரியவரும் ஒடுக்கத்தை மலைச்சரிவு முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இவ்வாறு இறுகிய நாடிகளை உயிர்க்கலங்களைக் கொண்டே சீர்செய்துவிடலாம் என்ற நம்பிக்கை கடந்த கால் நூற்றாண்டாக வளர்ந்துவந்திருக்கிறது. ஸ்டெம் செல் (குருத்தணு) சிகிச்சை என்று விளம்பரங்களில் அடிபடும் இத்துறையை மருத்துவர்கள் மீளுருவாக்க மருத்துவம் என்பார்கள். அதில் எது நிறுவப்பட்டது, எது இன்னும் எதிர்பார்ப்பாகவே நிற்கிறது என்று பிரித்தறிய, நாடி எப்படி இறுகுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நாடியின் உட்புறத்தை அகவணி எனப்படும், ஒரேயொரு கல அடுக்காலான மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. குருதி உறையாமல் வழுக்கிச் செல்வதற்கும், தேவைக்கேற்ப நாடி விரிந்து சுருங்குவதற்கும் இப்படலமே பொறுப்பு. புகையிலை, உயர் குருதி அமுக்கம், சீனி வியாதி ஆகியவற்றால் அது பழுதடையும்போது, கெட்ட கொலஸ்ட்ரோல் என்று பேச்சில் வழங்கும் தாழ் அடர்த்திக் கொழுப்புப் புரதம் சுவருக்குள் புகுந்து தங்குகிறது. அதை அகற்ற வரும் வெண்குருதிக் கலங்கள் கொழுப்பை விழுங்கி, வெளியேற முடியாமல் அங்கேயே உப்பிப்போய் நுரைக்கலங்களாகின்றன. அவற்றைச் சுற்றி நாரும் நாளடைவில் கல்சியமும் படிந்து, சுவர் தடித்து, குழாயின் உள்விட்டம் குறுகுகிறது. இத்தடிப்பு இதயத்தின் நாடிகளில் வெடித்துக் குருதி உறைந்தால் மாரடைப்பும், மூளைக்குச் செல்லும் நாடிகளில் நேர்ந்தால் பாரிசவாதமும் வருகின்றன. கால் நாடிகளில் அது மெல்ல முற்றி, ஓய்விலும் வலியாகி, ஆறாத புண்ணாகி, கடைசியில் விரலோ காலோ அழுகும் நிலையில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

கால் துண்டிக்கப்பட வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு, நாடியினுள் பலூன் விட்டு விரிப்பதும், உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த நாளத்தைப் பொருத்தி மாற்றுவழி அமைப்பதும் வழக்கமான சிகிச்சைகள். சிலருக்கு, குறிப்பாகக் கணுக்காலுக்குக் கீழுள்ள சிறு நாடிகள்கூட அடைபட்டவர்களுக்கு, இவை இரண்டுமே கைகூடுவதில்லை. அவர்களை முன்வைத்துத்தான் மீளுருவாக்க மருத்துவம் கால் நாடி நோய்க்குள் நுழைந்தது.

அதன் அடிப்படை எண்ணம் மிகப் பழையது. 1785இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜோன் ஹன்டர், ஒரு கலைமானின் வளரும் கொம்புக்குக் குருதி கொடுக்கும் கழுத்து நாடியைக் கட்டிவிட்டுக் கவனித்ததாகவும், முதலில் குளிர்ந்துபோன கொம்பு சில நாட்களில் மீண்டும் சூடேறி வளரத் தொடங்கியதாகவும், ஆராய்ந்தபோது சுற்றியிருந்த சிறு நாடிகள் பருத்து வேலையை ஏற்றுக்கொண்டிருந்ததாகவும் மருத்துவ வரலாறு கூறுகிறது. அதே ஆண்டின் இறுதியில் அவர், முழங்காலின் பின்னால் நாடி வீங்கியிருந்த ஒரு வண்டியோட்டிக்குத் தொடை நாடியைக் கட்டி, காலை இழக்காமல் காப்பாற்றினார். மண்சரிவால் பெருந்தெரு மூடப்பட்டால் தோட்டத்துக் குறுக்குப்பாதைகள் ஆள்நடமாட்டத்தில் அகன்றுவிடுவதைப் போல, பெரிய நாடி அடைபட்டால் சிறியவை அகலுகின்றன. துணைச் சுற்றோட்டம் எனப்படும் இவ்வியல்பை மருந்தால் தூண்டிவிட முடியுமா என்பதே பின்வந்தோர் கேட்ட கேள்வி.

1997இல், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜெஃப்ரி இஸ்னரின் ஆய்வுக்குழுவில் பணியாற்றிய ஜப்பானியரான தகாயுகி அசஹாரா, வளர்ந்த மனிதரின் குருதியிலேயே புதிய அகவணியை உருவாக்கக்கூடிய முன்னோடிக் கலங்கள் சுற்றி வருகின்றன என்று அறிவித்தபோது, இத்துறை வேகம் பிடித்தது. இக்கலங்கள் எலும்பு மச்சையிலிருந்து, அதாவது எலும்பினுள்ளே குருதி உற்பத்தியாகும் மென்மையான பகுதியிலிருந்து வருவதாகக் கருதப்பட்டமையால், 2002இல் ஜப்பானிய மருத்துவர்கள் நோயாளிகளின் சொந்த மச்சைக் கலங்களை அவர்களுடைய கெண்டைக்கால் தசையிலேயே ஊசியால் ஏற்றிப் பார்த்து, குருதியோட்டம் மேம்பட்டதாக வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் பங்குபற்றியோர் 47 பேர் மட்டுமே; ஆனாலும் அதன் செய்தி உலகெங்கும் பரவி, பல நாடுகளிலும் முயற்சிகள் தொடங்கிவிட்டன.

தமிழ் வாசகர்களுக்கு மிக அருகிலுள்ள முயற்சி பெங்களூரில் நடந்தது. ஸ்டெம்பியூட்டிக்ஸ் என்ற நிறுவனம், நோயாளியின் சொந்தக் கலங்களை எடுப்பதற்குப் பதிலாக, ஆரோக்கியமான கொடையாளர்கள் சிலரின் எலும்பு மச்சையிலிருந்து பெற்ற கலங்களைக் கலந்து வளர்த்து, உறைநிலையில் சேமித்து, ஸ்டெம்பியூசெல் என்ற பெயரில் ஆயத்த மருந்தாக்கியது. 2016இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அதற்கு வரையறுக்கப்பட்ட அனுமதியை பேர்ஜர் நோய்க்கு மட்டும் வழங்கினார். 1908இல் நியூயோர்க் மருத்துவர் லியோ பேர்ஜர் விவரித்த இந்நோய், கொழுப்புப் படிவதால் வருவதன்று. புகையிலை பாவிக்கும் இளம் ஆண்களிடம் கை, கால்களின் சிறிய, நடுத்தர நாடிகள் அழற்சியுற்று அடைபடுவது. 2020இல் அந்த அனுமதி, கொழுப்புத் தடிப்பால் கால் உயிரிழக்கும் தறுவாயில் உள்ளவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

இந்த அனுமதியைக் கொண்டு, இறுகிய நாடிக்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று என்று முடிவுகட்டுவது அவசரம். முதல் அனுமதிக்கு வழிவகுத்த ஆய்வில் 90 நோயாளிகள் சேர்க்கப்பட்டு, ஊசி பெற்றவர்களின் வலி குறைந்து புண்கள் ஆறியதாக அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் யாருக்குக் கலங்கள், யாருக்கு வழமையான சிகிச்சை என்பதை மருத்துவரும் நோயாளியும் அறிந்தே இருந்தார்கள். அந்த அறிதல் எவ்வளவு தூரம் முடிவை மாற்றக்கூடும் என்பதற்கு நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்து 2015இல் வெளியான யூவென்டாஸ் ஆய்வைவிடச் சிறந்த சான்று இல்லை. அங்கே 160 நோயாளிகளில் பாதிப்பேருக்குச் சொந்த மச்சைக் கலங்களும் மறுபாதிப்பேருக்கு அதே தோற்றமுடைய வெறும் திரவமும் கால் நாடிக்குள் மூன்று முறை செலுத்தப்பட்டன. யாருக்கு எது போனதென்று ஒருவருக்கும் தெரியாது. ஆறு மாதத்தில் இரு சாராருக்கும் வலி குறைந்தது, இரு சாராருக்கும் புண் ஆறியது, கால் துண்டிக்கப்பட்டோர் தொகையிலோ வேறுபாடு இல்லை. பெங்களூர் மருந்தைப்போல் கலங்களைத் தசையில் ஏற்றுவதும் நாடிக்குள் செலுத்துவதும் ஒன்றல்ல என்பதால் பெங்களூர் முடிவை உட்ரெக்ட் முடிவு பொய்யாக்கிவிடவில்லை. எனினும் வெறும் திரவத்தோடு ஒப்பிடாத எந்த வெற்றிச் செய்தியையும் சற்றுத் தள்ளி நின்றே கேட்க வேண்டும் என்பதை அது காட்டிவிட்டது.

இதயத்தின் கதை இன்னும் கசப்பானது. இதயத் தசையையே மீண்டும் வளர்க்கும் குருத்தணுக்களைக் கண்டதாகப் பல்லாண்டு முழங்கிய பியேரோ அன்வேர்சாவின் ஆய்வுகளில் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2018இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியும் அதன் இணை மருத்துவமனையும் பரிந்துரைத்தன. ஊசியாக ஏற்றப்படும் கலங்கள் நாடியாகவோ தசையாகவோ மாறுவதில்லை, பெரும்பாலானவை சில நாட்களிலேயே மறைந்துவிடுகின்றன, மறையும் முன் அவை சுரக்கும் புரதங்களே அருகிலுள்ள சிறு நாடிகளை வளரத் தூண்டுகின்றன என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஆக, சிகிச்சை பலித்தாலும் தடித்த நாடி தடித்தபடியே இருக்கும். அதைச் சுற்றிப் புதுவழிகள் பிறக்கலாம். விளம்பரங்களில் இந்த வேறுபாடு தென்படுவதில்லை. வைத்தியத்துக்காகத் தமிழ்நாட்டுக்குப் பயணமாகும் இலங்கையர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல், குருதி நோய்கள் சில தவிர்ந்த ஏனையவற்றுக்குக் குருத்தணுக்களைப் பதிவுசெய்யப்பட்ட ஆய்வுகளுக்கு வெளியே, கட்டணம் பெற்றுக்கொண்டு வழங்குவதை ஏற்கவில்லை.

நாடியையே ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுக்கும் வேறொரு கிளையும் உண்டு. 1999இல் டோக்கியோவில் ஒரு குழந்தைக்கு இவ்வாறு ஆக்கப்பட்ட குருதிக்குழாய் பொருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஹியூமசைட் நிறுவனத்தின் வளர்ப்புக் குழாய்க்கு அனுமதி வழங்கியது. அந்த அனுமதி காயத்தால் நாடி அறுந்தவர்களுக்கே தவிர, கொழுப்புத் தடிப்புக்கு உரியதன்று.

இவ்வளவு ஆரவாரத்துக்கிடையில், நாடித் தடிப்பு உண்மையில் சிறிதளவேனும் கரைவது ஒரு மாத்திரையைக் கொண்டு அளந்து காட்டப்பட்டிருக்கிறது. ஜப்பானியரான அகிரா என்டோ 1970களில் ஒரு பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளின் வழிவந்த ஸ்டேட்டின் மருந்துகளில் ஒன்றை, 24 மாதம் உயர்ந்த அளவில் உட்கொண்டவர்களின் இதய நாடிகளில் தடிப்பின் கனவளவு குறைந்திருந்ததை 2006இல் வெளியான ஓர் ஆய்வு நாடியினுள் செலுத்திய நுண் ஒலியலைக் கருவியால் கண்டது. குறைவு சிறியது, ஆனால் திசை மாறியிருந்தது. இலங்கை அரச வைத்தியசாலைகளின் கிளினிக்குகளில் இவ்வகை மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. மாதாமாதம் கொப்பியோடு வந்து மருந்து வாங்கிப் போகிறவர்கள், தமக்குக் கிடைப்பது வெறும் ‘கொலஸ்ட்ரோல் குளிசை’ என்று எண்ணி, இரத்தப் பரிசோதனை நன்றாக வந்ததும் நிறுத்திவிடுவதுதான் வருத்தத்துக்குரியது.

கெண்டைக்கால் வலிக்கு நடையும் ஒரு மருந்து. மேற்பார்வையின்கீழ் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை மணிக்குக் குறையாமல், வலி மிதமாக வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடப்பதை மூன்று மாதம் தொடர்ந்தால் வலியின்றி நடக்கும் தூரம் கணிசமாகக் கூடுகிறது. நாள் முழுதும் மலையேறுகிறவருக்கு இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். கூடையோடு ஒரு செடியிலிருந்து மறு செடிக்கு நகர்ந்து, நெடுநேரம் நின்றபடி கொழுந்து பறிப்பது சீரான நடை ஆகாது என்பதுதான் விடை.

ஊவாவுக்கு இவ்விடயத்தில் ஒரு தனிச் சிறப்பும் இருக்கிறது. வசதி குறைந்த இடங்களில் தொற்றா நோய்களைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் வகுத்த, ‘பென்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டம் இலங்கையில் முன்னோட்டமாகப் பார்க்கப்பட்டது பதுளை மாவட்டத்தில்தான். அதிலும் வேறு மாவட்டங்களில் நடந்த இன்னொரு முன்னோட்டத்திலும் கிடைத்த அனுபவத்தைக் கொண்டே, 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. அங்கே பயன்படும் அட்டவணை எளிமையானது: வயது, ஆணா பெண்ணா, புகைப்பழக்கம், குருதி அமுக்கம், சீனி வியாதி, கொலஸ்ட்ரோல் ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்தால், ஒருவருக்கு அடுத்த 10 ஆண்டில் மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடிய வாய்ப்பு பச்சையிலிருந்து கடுஞ்சிவப்பு வரையான ஒரு கட்டத்தில் விழும். இந்நிலையங்களுக்கு வந்தவர்களில் பெண்களே மிகுதி. நாடி நோய் இளவயதிலேயே தாக்கும் ஆண்கள் குறைவாகவே வந்தார்கள். தோட்டங்களில் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. வேலைநாளில் கிளினிக்குக்குப் போனால் அன்றைய வருகைக் கணக்கில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அந்நாள் சம்பளமும் இல்லை.

காலைப் பொறுத்தவரை, பரிசோதனைக்குக் கருவிகூட முதலில் தேவையில்லை. பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டில் விரல்நுனிகளை மெல்ல வைத்தால் ஒரு துடிப்பும், உட்கணுக்காலின் பின்பள்ளத்தில் மற்றொன்றும் தட்டுப்பட வேண்டும். அவை தட்டுப்படாதபோது, கணுக்காலில் அளக்கும் குருதி அமுக்கத்தைக் கையில் அளப்பதால் வகுத்து, விடை 0.9க்குக் குறைந்தால் நாடி ஒடுங்கியிருப்பதாக மருத்துவர் கொள்வார். சீனி வியாதி முற்றியவர்களிடம் இக்கணக்கும் ஏமாற்றும். நாடிச்சுவரில் கல்சியம் படிந்து அழுத்த முடியாதபடி விறைத்துவிடுவதால், எண் நன்றாகவே தோன்றும். அவர்களுக்கே உணர்வு நரம்புகளும் மரத்துப்போயிருக்கும். மழைக்காலத்தில் செருப்பில்லாமல் மலைக்குப் போய்வரும் காலில் அட்டை கடித்த இடமோ கவ்வாத்துக் குச்சி கிழித்த இடமோ வலிக்காமலே புண்ணாகி, வாரக்கணக்கில் ஆறாமல் கிடந்து, விரல் கறுத்த பிறகே பதுளை வைத்தியசாலைக்கு வந்து சேர்வது இப்படித்தான். கறுப்பு விரலைத் தாண்டிப் பாதத்தில் ஏறிவிட்ட கால்களை, கலச் சிகிச்சை ஆய்வுகள் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை.