பச்சை விளக்குக்குத் தெரியாத அரை மணித்தியாலம்

காரைநகரில் பிறந்து, இப்போது ரொறன்ரோவில் நிரல் எழுதும் ஒருவர், ஊர்ப் பாடசாலையின் பழைய சேர்விடாப்பை இணையச் செயலியாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறந்த நாளிலிருந்து பாடசாலையில் சேர்ந்த நாள் வரை எத்தனை நாட்கள் என்று அது கணக்கிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் நிரலை எழுதி, ஜெஸ்ட் கருவியில் சில தானியங்கிச் சோதனைகளையும் சேர்க்கிறார். எல்லாம் பச்சை, அதாவது எல்லாமே சித்தி. நிரலின் ஒரு வரிகூட விடுபடவில்லை என்று அறிக்கை நூறு வீதம் காட்டுகிறது. இந்த நூறு வீதத்தை வைத்து மென்பொருள் உலகம் அடிக்கும் தம்பட்டம் கொஞ்சமல்ல. வரி ஓடியதா என்றுதான் அது சொல்லும். சரியாக ஓடியதா என்று சொல்லாது. நம் செயலியில் ஒரு நாள் காணாமல் போயிருக்கிறது.

இரண்டு நள்ளிரவுகளுக்கு இடைப்பட்ட மில்லிசெக்கன்களை எடுத்து, 86,400,000 ஆல் வகுத்து, மீதியை வெட்டிவிடுவது நிரலாளர்களின் வழக்கம். நாளென்றால் 24 மணித்தியாலம் என்று அந்த வகுத்தல் நம்புகிறது. இலங்கையில் அண்மைக் காலத்தில் மட்டும் அதற்கு அடங்காத மூன்று நாட்கள் உண்டு. 1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் திணறியபோது, அரசாங்கம் மே 25 பிறந்த கணத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அன்றைக்கு 23 மணித்தியாலந்தான். ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலத்தைப் பின்னே இழுத்தார்கள். எஞ்சிய அரை 2006 ஏப்ரல் 15இல் திரும்பி வந்தது. இந்த இரண்டு நாட்களுக்கும் இருபத்துநாலரை மணித்தியாலம். இனிக் கணக்கைப் பாருங்கள். 1994இல் பிறந்த பிள்ளை 2000 ஜனவரியில் பாடசாலையில் சேர்ந்தால், இடைப்பட்ட நேரம் முழு நாட்களுக்கு அரை மணித்தியாலம் குறைவு. மீதியை வெட்டும் நிரல் அந்த அரைக்காக ஒரு முழு நாளையே விழுங்கிவிடும். ஆனால் அதே பிள்ளைக்கு இன்றைக்கு எத்தனை நாள் என்று கேட்டால் விடை அச்சொட்டாகச் சரி! கூட்டலும் கழித்தலும் 2006இல் நேராகிவிட்டன. ஆகவே இலங்கை நேரத்தில் ‘இன்று’ என்ற திகதியை வைத்துச் சோதிப்பவருக்கு இந்தப் பிழை ஒருநாளும் அகப்படாது. வேண்டுமென்றே முயன்றாலும் ஒரு பிழையை இத்தனை நேர்த்தியாக ஒளித்துவைப்பது கடினம். போதாக்குறைக்கு, சோதனைகளை ஓட்டும் வழங்கிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இயங்குகின்றன. அங்கே எல்லா நாளுக்கும் 24 மணித்தியாலம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானை முழுக்க ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ என்ற நம்பிக்கையில் நிற்கிறது. திகதிப் பானை அப்படியல்ல. 1996இல் யாரோ மூடியைத் திறந்து வேறு அரிசி போட்டார்கள்; 2006இல் பச்சைத்தண்ணீர் ஊற்றினார்கள்; மேலே வெந்ததும் அடியில் பிடித்ததும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆனால் கணினிக்கு வயிறு நிறைவதில்லை, பானை முழுவதையும் பருக்கை பருக்கையாகத் தின்னச் சொல்லலாம். 1990 முதல் 2009 வரை 7,305 நாட்கள். ஒவ்வொன்றாக முன்னேறும்போது கணக்கு சரியாக ஒன்று கூடுகிறதா என்று பார்க்கும் சோதனை கண்மூடித் திறப்பதற்குள் முடியும். சோதனையைத் தொடங்கும்போது நேரவலயத்தை ‘ஆசியா/கொழும்பு’ என்று குறித்துவிட்டால் போதும், அந்த 23 மணித்தியால நாளில் சிவப்பு விழும்: எதிர்பார்த்தது 1, கிடைத்தது 0.



வெட்டாமல் கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றினால் தீர்ந்ததே என்பீர்கள். இங்கே தீரும்; ஆனால் மாற்ற வேண்டும் என்று யார் சொன்னது? அந்தச் சிவப்புத்தான். செயற்கை நுண்ணறிவே சோதனைகளை எழுதித் தரும் என்பவர்களும் உண்டு. நிரலைக் காட்டி, இதற்குச் சோதனை எழுது என்றால், நிரல் இப்போது செய்வதையே சரியென்று அது எழுதிவைக்க நிறைய வாய்ப்புண்டு. விடைத்தாளைப் பார்த்து வினாத்தாள் தயாரித்தால் எல்லோரும் சித்திதான். டெம்போரல் என்ற புதிய திகதி வசதி 2025இல் பயர்பொக்ஸ் உலாவிக்கு வந்தது. அதில் மணியே இல்லாத வெறும் திகதி உண்டு. நல்ல சேதி. பழைய நிரல்கள் அதற்காகத் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளப் போவதில்லை.

உண்மையான எதிர்வாதம் வேறு. உலகக் கணினிகள் நம்பும் நேரவலய அட்டவணையில் இலங்கை முழுவதற்கும் ஒரே வரிசைதான், கொழும்பின் வரிசை. கடற்படை நிலைகொண்டிருந்த காரைநகருக்கு அது பொருந்தும். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் புதிய நேரத்தை ஏற்கவேயில்லை. 1997இல் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த குடும்பத்தில் இரவு 11.45க்குப் பிள்ளை பிறந்திருந்தால், காரைநகரில் அப்போது மறுநாள் 12.15. திகதியே மாறுகிறது. நிரலும் அட்டவணையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் சோதனை இதையும் பச்சை என்றே சொல்லும். இடாப்பில் ‘பழைய நேரமா, புதிய நேரமா’ என்று இன்னொரு பத்தி சேர்த்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நிரப்பியபிறகுதான் அதற்கொரு சோதனை எழுத முடியும்.