எட்டிப் பார்க்காத பிரவுசர்

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் பட்டாசு ஆலை வேன்கள் திரும்பியதும் கடை நிறைந்துவிடும். பிஎஃப் பணம் எடுக்க, பிள்ளைக்கு வருமானச் சான்றிதழ் வாங்க, ஆதாரில் பெயர் திருத்த என்று வருகிறவர்களில் பலர் கையில் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம் இன்னும் போயிருக்காது. அந்தக் கையால்தான் பாஸ்புக்கை நீட்டுவார்கள். அதை வாங்கி ஸ்கேன் பண்ணி, பிரவுசரில் திறந்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுவது என் வேலை.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், மகள் கல்யாணத்துக்காக பிஎஃப் எடுக்க ஓர் அத்தை வந்திருந்தார். அவருடைய பிடிஎஃப்பைத் திறந்தேன். பெயர், கணக்கு எண், சம்பளம் எல்லாம் திரையில் இருக்கிறது. திடீரென்று வலது பக்கம் ஒரு பெட்டி விரிந்தது. இந்த ஆவணத்தைச் சுருக்கித் தரட்டுமா என்று இங்கிலீஷில் கேட்டது. அத்தை பதறிப்போய், "யாரு தாயி அது, உள்ள இருந்து கேக்குறது?" என்றார்.

"ஒண்ணுமில்ல அத்தை, கம்ப்யூட்டர்தான்" என்று சொல்லி மூடிவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முந்தின நாள் தானாக இறங்கிய அப்டேட்டோடு அந்தப் பெட்டியும் வந்திருக்கிறது. வேண்டுமா என்று அது என்னைக் கேட்கவில்லை. அத்தையைக் கேட்க அதற்கு வாய்ப்பே இல்லை.

அந்தப் பெட்டியில் உள்ள பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: திரையில் இருக்கும் எழுத்து அத்தனையும் கம்பெனியின் சர்வருக்குப் போகும், அங்கே இருக்கும் ஏஐ படித்துப் பதில் அனுப்பும். அனுப்பியதை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அழுத்தாமல் விட்டால் பெரும்பாலும் எதுவும் போகாது, உண்மைதான். ஆனால் அவசரத்தில் மவுஸ் ஒரு விரல்கடை நகர்ந்தால் போதுமே!

எங்கப்பா சிவகாசியில் ஆப்செட் மெஷின்மேன். 2003-இல் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்வதற்கு முன் டிக்கெட் அடித்த காலத்தில், மை சரியாக விழாமல் வீணான தாள்களையும் எண்ணித்தான் வைப்பார்களாம். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, கட்டிங் மெஷினில் அவற்றை நறுக்கிய பிறகுதான் ஷிப்ட் முடியும். "அடுத்தவன் சரக்கு நம்ம கையில இருக்கிற வரைக்கும் நாமதான் பொறுப்பு" என்பார் அப்பா. கடைக்கு எந்த பிரவுசர் என்று தேட ஆரம்பித்தபோது எனக்கு அந்த நறுக்கிய தாள்கள்தான் ஞாபகம் வந்தன.

நம்மில் பலருடைய போனில் ஒரு காலத்தில் யூசி பிரவுசர் இருந்தது. டேட்டா குறைவாகச் செலவாகும் என்று நானும் வைத்திருந்தேன். அது இருப்பிடம், தேடிய சொற்கள், போனின் அடையாள எண் போன்றவற்றைச் சரியான பூட்டுப் போடாமல் அனுப்புகிறது என்று டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015-இலேயே சொல்லிவிட்டது. இங்கே அதை யார் கவனித்தோம்? 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் இருந்தபோதுதான் போனிலிருந்து எடுத்தோம்.

அடுத்து குரோம். வேகமானது, அரசுத் தளங்கள் தகராறு இல்லாமல் திறக்கும். 'இன்காக்னிட்டோ' ஜன்னலில் திறந்தால் யாருக்கும் தெரியாது என்று என் கடைக்கு வரும் காலேஜ் பிள்ளைகள்கூட நம்புகிறார்கள். அந்த ஜன்னல் வீட்டில் இருப்பவர்களிடமிருந்துதான் மறைக்கும், வெளியே இருப்பவர்களிடமிருந்து அல்ல. இதற்காக 2020-இல் அமெரிக்காவில் கூகுள் மேல் வழக்குப் போட்டார்கள். அப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-இல் கூகுள் ஒப்புக்கொண்டது.

இப்போது வருவது பிரவுசருக்குள் ஏஐ அல்ல, ஏஐயே பிரவுசர். 2025 ஜூலையில் பெர்ப்ளெக்சிட்டி நிறுவனம் 'காமெட்' கொண்டுவந்தது. அக்டோபரில் ஓப்பன்ஏஐ 'அட்லஸ்' வெளியிட்டது. பெர்ப்ளெக்சிட்டியின் தலைவர் அரவிந்த் ஸ்ரீனிவாஸ் சென்னைக்காரர், சென்னை ஐஐடியில் படித்தவர். நம்மூர்ப் பிள்ளை என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் தங்கள் செயலிக்கு வெளியே ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதும் பிரவுசர் செய்ய ஒரு காரணம் என்று ஒரு பேட்டியில் அவரே சொன்னார். ஒளிவு மறைவில்லாமல் சொன்னதற்கு நன்றி. என் கடையில் அதற்கு இடமில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதபடி வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ஒரு கட்டளையை இணையப் பக்கத்தில் ஒளித்து வைக்கலாம். நமக்குத் தெரியாது, ஏஐ அதைப் படித்து, நாம் சொன்ன வேலை என்று நினைத்துச் செய்யப் பார்க்கும். காமெட்டில் அப்படி ஒரு ஓட்டை இருப்பதை 2025 ஆகஸ்டில் பிரேவ் பிரவுசர்காரர்கள் செய்து காட்டினார்கள். பிஎஃப் தளம் ஒரு பக்கம், பேங்க் தளம் ஒரு பக்கம் திறந்திருக்கும் கம்ப்யூட்டரில் இதை நினைத்துப் பாருங்கள்.

சரி, எதைத்தான் வைப்பது?

என் கடையில் இப்போது முதலில் இருப்பது ஃபயர்ஃபாக்ஸ். அதன் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. உங்கள் தகவலை விற்கவே மாட்டோம் என்று எழுதி வைத்திருந்த வாக்குறுதியை 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் புதிய தலைவர், இதை ஏஐ பிரவுசராக மாற்றப்போகிறோம் என்றார். பயன்படுத்துகிறவர்கள் கொதித்துப்போய் எழுதினார்கள். பலன், 2026 பிப்ரவரியில் வந்த 148-ஆம் பதிப்பில் ஏஐ வசதி எல்லாவற்றையும், இனி வரப்போவதையும் சேர்த்து அணைக்க ஒரே பொத்தான். செட்டிங்ஸில் இருக்கிறது. அழுத்திவிட்டேன். 'யூபிளாக் ஆரிஜின்' என்ற விளம்பரத் தடுப்பானும் இதில் முழுசாக வேலை செய்கிறது. குரோமில் அதன் பழைய முழு வடிவம் இப்போது ஓடாது.

செட்டிங்ஸைத் தோண்ட நேரமில்லாதவர்களுக்கு நான் சொல்வது விவால்டி. ஏஐ உதவியாளரை உள்ளே திணிக்க மாட்டோம் என்று அதன் தலைவர் யோன் வான் டெட்ஸ்னர் 2025 ஆகஸ்டில் வெளிப்படையாகவே அறிவித்தார். குரோமின் அதே அடித்தளம் என்பதால் அரசுத் தளங்களும் அடம்பிடிப்பதில்லை.

நம்ம ஊர்ச் சரக்கும் ஒன்று உண்டு. சோஹோவின் 'உலா', 2023-இல் வந்தது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் அதே சோஹோதான். இந்திய பிரவுசருக்காக மத்திய அரசு நடத்திய போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் வாங்கியது. பின்தொடரும் விளம்பரக் கண்ணிகளைத் தடுப்பது முதல் நாளிலிருந்தே அதன் கொள்கை. கடையில் ஒரு கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறேன். ஆனால் ஊர்ப்பாசத்துக்காக எதையும் சோதிக்காமல் விடக் கூடாது. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் புதிதாக என்ன முளைத்திருக்கிறது என்று அதன் செட்டிங்ஸையும் திறந்து பார்க்கிறேன்.

விளம்பரத் தடுப்பான் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சிவகாசிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இணைய வணிகத் தளங்களில் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இருந்தும் சீசன் வந்தால் சிவகாசிப் பெயரில் போலி வலைத்தளங்கள் கிளம்பி, பாதி விலை என்று பணத்தைப் பிடுங்குகின்றன. ஒரு தடவை 'பட்டாசு விலை' என்று தேடிவிட்டால் விளம்பரம் நம் பின்னாலேயே வரும்; எது அசல், எது போலி என்று அதில் எழுதியிருக்காது. விளம்பரமே வராவிட்டால் அதைத் தொடவும் மாட்டோம். ஏமாந்திருந்தால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் பண்ணுங்கள்.

கடைசியாக, என் போன்ற கடைகளுக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆதாரையோ பாஸ்புக்கையோ கொடுக்கும்போது, "அக்கா, எந்த பிரவுசர்ல திறக்குறீங்க? வேலை முடிஞ்சதும் என் ஃபைலை அழிச்சிருங்க" என்று வாய் திறந்து கேளுங்கள். அழிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நில்லுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.