சுக்கான் பிடிப்பவரின் தகுதிச் சான்று

சுக்கான் என்னும் சொல் அரபு மொழியிலிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்தது என்பதை வாசகர்களில் பலர் அறிந்திருப்பர். மாலுமி என்பதும் அவ்வாறு வந்ததே. ‘முஅல்லிம்’, அதாவது ஆசிரியர், என்னும் சொல்லின் திரிபு அது என்பர். படகுத் தலைவரைக் குறிக்கும் ‘சாரங்கு’, பாரசீகத்தில் படைத்தலைவர் எனப் பொருள்படும் ‘ஸர்ஹங்’ என்பதன் மரூஉ. தூத்துக்குடித் தோணிகளில் ‘தண்டேல்’ என்று வழங்குகிறார்களே, அந்தச் சொல்லையே 1958ஆம் ஆண்டின் இந்திய வணிகக் கப்பல் சட்டமும் எடுத்துக்கொண்டு, பாய்க்கலத்தின் பொறுப்பாளர் என்று அதற்கு வரையறை கூறிற்று. ஆசிரியர், படைத்தலைவர் என்றெல்லாம் பொருள்படும் பெயர்களால் நம் முன்னோர் ஒரு மனிதரை அழைத்தார்கள் என்றால், அவருடைய அறிவையும் ஆணையையும் எத்துணை உயர்வாக மதித்திருக்க வேண்டும்!

கப்பல் தலைவர்களைப் பற்றி இங்கு எழுதவில்லை. அவர்களுக்குக் கல்லூரிகள் உண்டு. பன்னாட்டு விதிகளும் கடுமையான தேர்வுகளும் உண்டு. ஆற்றிலும் ஏரியிலும் காயலிலும் இருபது பேரையும் ஐம்பது பேரையும் ஏற்றிச் செல்கிற சிறு படகுகளை ஓட்டுவோர் என்ன கற்றிருக்க வேண்டும், அதைச் சோதித்துச் சான்று வழங்குவோர் யார் என்பதே நம் கேள்வி. விடுமுறை நாளில் குழந்தை குட்டிகளுடன் நாம் ஏறி அமர்வது இத்தகைய படகுகளில்தானே?

பாரத நாட்டில் இதற்கான சட்டம் பழையது. 1917ஆம் ஆண்டில், ‘உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டம்’ என்ற பெயரில் ஆங்கில அரசு அதனை இயற்றியது. முதல் வகுப்புத் தலைவர், இரண்டாம் வகுப்புத் தலைவர், சாரங்கு என மேல்தளத்தில் மூன்று நிலைகளையும், இயந்திரப் பொறியாளர், முதல் வகுப்பு இயந்திர ஓட்டுநர், இரண்டாம் வகுப்பு இயந்திர ஓட்டுநர் எனக் கீழே மூன்று நிலைகளையும் அது வகுத்தது. தேர்வு எழுதித் தேறியவருக்கே தகுதிச் சான்று. தவறிழைத்தால் சான்றை நிறுத்தி வைக்கவும் பறிக்கவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது. நூறாண்டுக்கு மேல் நிலவிய அச்சட்டத்தின் இடத்தில் 2021ஆம் ஆண்டில் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. முன்பு ஒரு மாநிலத்தில் பெற்ற ஆவணத்தை அடுத்த மாநிலம் ஏற்பதற்குத் தனி ஒப்புதல் வேண்டியிருந்தது. புதிய சட்டமோ நாடு முழுவதற்கும் ஒரே ஏற்பாட்டைச் செய்கிறது.

கேரளத்தின் நீர்வழிகளில் ஓர் இளைஞர் முதலில் ‘லஸ்கர்’ ஆகச் சேர்கிறார். இதுவும் பாரசீகச் சொல்லே. படை என்பது அதன் பொருள். கயிறு கட்டுவதும், துறையில் படகை அணைப்பதும், பயணிகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குவதும் அவர் வேலை. அவ்வாறு ஆண்டுகள் சிலவற்றை நீரில் கழித்த பின்னரே சாரங்குக்கான தேர்வை அவர் அணுக முடியும். இந்தப் படிவரிசை நல்ல ஏற்பாடு என்றே கருதுகிறேன். வகுப்பறையில் மட்டும் படித்து வந்தவருக்குக் காயலின் மணல்திட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாது. நீரிலேயே வளர்ந்தவருக்கோ, கலம் கவிழ்வதற்கான காரணம் விளங்காது. இரண்டும் ஒருவரிடம் சேர வேண்டும்.

கவிழ்வது ஏன்?

1924ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், மலையாள மகாகவி குமாரன் ஆசான் பயணம் செய்த ‘ரெடீமர்’ என்னும் படகு பல்லனையாற்றில் கவிழ்ந்து, அவரும் உடன் வந்தோர் பலரும் மாண்டனர். அளவுக்கு மீறிய கூட்டம். எண்பத்தைந்து ஆண்டுகள் சென்று, 2009 செப்டம்பர் 30ஆம் நாள், தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 45 உயிர்கள் பலியாயின. மாண்டோரில் பலர் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். கரையில் காட்டு விலங்குகளைக் கண்ட மகிழ்ச்சியில் பயணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தனர் என்று தப்பியோர் கூறினர். 2023 மே 7ஆம் நாள், மலப்புறம் மாவட்டத்துத் தானூர் அருகே தூவல் தீரத்தில், இருள் சூழ்ந்த பின் புறப்பட்ட ‘அட்லாண்டிக்’ என்னும் படகு கவிழ்ந்ததில் 22 பேர் மாண்டனர். பெரும்பாலோர் குழந்தைகள். ஒரே குடும்பத்தில் மட்டும் 11 பேர். மீன்பிடிப் படகாக இருந்ததை உருமாற்றி, மேலே ஒரு தளமும் அமைத்துச் சுற்றுலாவுக்கு விட்டிருந்தார்கள்.

மூன்றும் ஒரே பாடத்தைச் சார்ந்தவை. சாரங்குக்கான பயிற்சியில் ‘கலத்தின் நிலைத்தன்மை’ என்று அதற்குப் பெயர். பெயர் பெரிதாயினும் பொருள் நம் பெண்மக்கள் நன்கறிந்ததே. நிறைந்த குடத்தை இடுப்பில் சுமந்து வருபவர் ஒழுங்காக நடந்து வந்துவிடுகிறார். அரைக்குடமானால் உள்ளே நீர் அலைபாய்ந்து அவரை இங்குமங்கும் இழுக்கிறது. படகின் அடியில் சேர்ந்து நிற்கும் நீரும் அதைத்தான் செய்கிறது. படகு இடப்புறம் சாய்ந்தால் அந்நீரும் இடப்புறம் ஓடிச் சாய்வைப் பெருக்குகிறது. எனவே அடியில் நீர் சேர்ந்துள்ளதா என்று பார்த்து இறைத்துவிட்டே புறப்பட வேண்டும்.

மேல்தளத்தின் செய்தியும் இத்தகையதே. எடை கீழே இருக்கும் வரையில், சாய்ந்த படகு தானே நிமிர்ந்துகொள்ளும். அதே எடை மேலே ஏற ஏற, நிமிர்த்தும் ஆற்றல் குறைந்துகொண்டே போய், ஓரெல்லைக்கு அப்பால் இல்லாமலே ஆகிவிடும். முப்பது பேர் கீழ்த்தளத்தில் அமர்ந்திருப்பதும், அதே முப்பது பேர் மேல்தளத்தில் எழுந்து நிற்பதும் படகைப் பொறுத்தவரை ஒன்றாகா. அவர்கள் ஒரே பக்கமாக நகர்ந்தால் கேட்கவே வேண்டாம். கீழ்த்தளத்தில் சன்னல்கள் அடைபட்டிருந்தால் உள்ளே இருப்பவர் வெளியேற வழியுமில்லை. ஆகவே ‘எத்தனை பேர்’ என்று எண்ணினால் மட்டும் போதாது. ‘எங்கே, எப்படி’ என்பதையும் சாரங்கு பார்த்தாக வேண்டும்.

விளக்கும் ஊதலும்

பயிற்சியின் மற்றொரு பகுதி வழிவிதிகள். கடலில் மோதலைத் தவிர்ப்பதற்காக 1972ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதிகளே இவற்றுக்கு அடிப்படை. இரு படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டும் தத்தம் வலப்புறம் திரும்பிக் கடக்க வேண்டும். குறுக்கே வரும் படகு நமது வலப்புறத்தில் இருந்தால் நாம் வழிவிட வேண்டும். முந்திச் செல்பவர், முந்தப்படுபவரை விட்டு விலகிச் செல்ல வேண்டும்.

இரவில் இதை எப்படி அறிவது? ஒவ்வொரு படகும் இடப்புறம் சிவப்பு விளக்கும், வலப்புறம் பச்சை விளக்கும், பின்னே வெள்ளை விளக்கும் ஏற்றியிருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைப் பாருங்கள். நம் வலப்புறத்திலிருந்து ஒரு படகு குறுக்கே வருமானால், நம் கண்ணுக்குத் தெரிவது அதன் இடப்பக்கம். எனவே சிவப்பு விளக்கைக் காண்கிறோம். வழிவிட வேண்டியவர் நாம். அதே நேரத்தில் அந்தப் படகினர் காண்பது நம் வலப்பக்கத்துப் பச்சை விளக்கை. அவர்கள் தம் வழியே தொடரலாம். சாலையில் கம்பம் நட்டு எரிக்கும் விளக்குகளின் வேலையை இங்கே படகுகளே ஒன்றுக்கொன்று செய்துகொள்கின்றன! விளக்கின்றி இரவில் ஓடும் படகு பிறருக்குத் தெரியாமல் போவதோடு, யார் வழிவிட வேண்டும் என்ற ஒழுங்கையே குலைத்துவிடுகிறது.

ஊதலுக்கும் மொழி உண்டு. ஒரு சிற்றொலி, வலப்புறம் திரும்புகிறேன். இரண்டு, இடப்புறம். மூன்று, இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்குகிறேன். ஐந்து அல்லது அதற்கு மேல், உம்முடைய நோக்கம் எனக்கு விளங்கவில்லை என்பதாகும்.

ஒருவர் நீரில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? பதறிய மனம் அவர் விழுந்த பக்கத்தை விட்டு விலகத் துடிக்கும். பயிற்சியோ விழுந்த பக்கமாகவே சுக்கானைத் திருப்பச் சொல்கிறது. அணியம் அவர் பக்கம் திரும்பினால் படகின் பின்பகுதி எதிர்ப்பக்கமாக விலகும். இயந்திரத்தின் விசிறியும் அவரை விட்டு அகலும். ஒருவர் விழுந்தவரைக் கைநீட்டிக் காட்டியபடி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அருகில் வந்ததும் விசிறி சுழலாதிருக்க வேண்டும். நூறு முறை பழகினால்தான் நூற்றோராவது முறை உண்மையாக நேரும்போது கை தானே செய்யும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தங்கிவிடும், ஆதலால் காற்றோட்டம் விட்டு, மோந்து பார்த்த பின்னரே இயந்திரத்தை முடுக்க வேண்டும் என்பது போன்ற பாடங்களும் உண்டு.

மறுக்கும் உரிமை

இவையனைத்தையும் கற்றுத் தேறிய சாரங்கு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் துறையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டு விற்பவர் படகின் உரிமையாளர். சாரங்கு அவரிடம் கூலி பெறுபவர். இடம் நிரம்பிவிட்டது. இன்னுமொரு குடும்பம் தொலைவிலிருந்து வந்து, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், சற்று நெருங்கி அமர்ந்துகொள்கிறோம் என்று கேட்கிறது. உரிமையாளர் ஏற்றச் சொல்கிறார். இனி ஏற்றுவதற்கில்லை என்று சொல்ல அந்தச் சாரங்குக்கு நெஞ்சுரம் வேண்டும். அதைவிட, அவ்வாறு சொன்னால் மறுநாள் வேலை இருக்கும் என்ற உறுதியும் வேண்டும்.

தகுதிச் சான்று இங்கேதான் பயன்படுகிறது. வரம்பு மீறினால் சான்று பறிபோகும், பிறகு எந்தப் படகிலும் வேலை கிடைக்காது என்பது அவர் மறுப்பதற்கு வலுவான காரணமாகிறது. சான்றே இல்லாத ஒருவரை உரிமையாளர் அமர்த்திக்கொள்வது ஏன் என்பதும் இதிலிருந்து புலனாகும். இழப்பதற்கு ஏதுமில்லாதவர் எதிர்த்துப் பேசமாட்டார் அல்லவா? ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் முதலில் கைதாகிறவர் படகோட்டியாகவே இருப்பதைச் செய்தித்தாள்களில் காண்கிறோம். ஏற்றச் சொன்னவரும், தகுதியற்ற படகுக்கு அனுமதி வழங்கியவரும் அவருக்கு முன்னரே விசாரிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. வரம்பு மீறி ஆளேற்றினால் உரிமையாளர், படகுத் தலைவர் ஆகிய இருவரையுமே 1917ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பாக்கியிருந்தது.

பிற நாட்டு முறை ஒன்றையும் பார்ப்போம். அமெரிக்காவில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆறு பேர் வரை சிறு படகில் அழைத்துச் செல்லவும் கடலோரக் காவல் படையின் சான்று வேண்டும். ‘ஆறு பேர் உரிமம்’ என்றே பேச்சு வழக்கில் அதைச் சொல்கிறார்கள். அதற்கு 360 நாட்கள் நீரில் பணியாற்றியிருக்க வேண்டும். அவற்றுள் ஒரு பகுதி அண்மை ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் கண்பார்வை சோதிக்கப்படும். சிவப்பையும் பச்சையையும் பற்றி மேலே எழுதியதை நினைத்தால் காரணம் விளங்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்கவும் வேண்டும். தேர்வில் ஏனைய பாடங்களுக்கு நூற்றுக்கு எழுபது போதும். வழிவிதிகள் பாடத்தில் மட்டும் தொண்ணூறு பெற்றாக வேண்டும்.

நம் நாட்டில் உள்நாட்டு நீர்வழி ஆணையம் பாட்னாவில் 2004ஆம் ஆண்டு தேசிய உள்நாட்டு நீர்வழிப் பயிற்சி நிலையத்தை நிறுவியது. கங்கைக்கரை இளைஞருக்கு அது வாய்ப்பு. கடற்கரை ஊர்களிலும் காயல் ஓரங்களிலும் எழுதப் படிக்க அதிகம் அறியாமல், தந்தையிடம் தொழில் கற்ற படகோட்டிகள் ஏராளமாக இருக்கிறார்கள். பாட்னா அவர்களுக்கு எட்டாது. படகு ஓடும் துறைக்கே பயிற்சியாளர் வந்து, தாய்மொழியில், வாய்மொழியாகவும் செய்முறையாகவும் சோதித்துச் சான்று தரும் வகுப்புகள் ஆண்டுதோறும், பருவத்துக்கு முன்பாக நடைபெற வேண்டும். பயிற்சி நாட்களின் கூலியைப் படகு உரிமையாளர் தருவதே முறை. ஒரு நாள் படகு ஓடாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலையில் உள்ளவரை வகுப்புக்கு வா என்று அழைத்தால் அவர் எப்படி வருவார்?